பதினோரு காலிக் கட்டங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்து, என்னிடம் இசை கற்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் மெட்டை அவரைக் கேட்காமல் திருத்தினேன். இருபது நிமிட வேலை. இரண்டு வருடம் ஆகிவிட்டது, இப்போதும் நினைத்தால் காது மடல் சூடாகிறது. திருத்தியது பாதிதான். மறுநாள் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். மீதி அது.

நான் கோயம்புத்தூர்க்காரன். புனேவில் வானவடியில் குடியிருக்கிறேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஹிஞ்சேவாடி அலுவலகம், மற்ற நாளெல்லாம் வீட்டு மேசை. சிறு வயதில் ஒன்பது வருடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். கல்லூரி முதல் வருடத்தில் ஒரு மேடையில் பாடும்போது தாளம் தவறி, மிருதங்கக்காரர் என்னைக் கைதூக்கிவிடப் பார்த்து, அதுவும் முடியாமல் பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் பாடியதில்லை. ஆனால் யாராவது கேட்டால் “மியூசிக் தெரியும்” என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை ஒரு வகுப்பு நடத்தச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இணையத்தில் மெட்டமைக்கும் பலகைகள் இருக்கின்றன. உலாவியில் திறந்தால் திரை முழுக்கக் கட்டங்கள். இடமிருந்து வலமாக நேரம் நகரும், கீழிருந்து மேலே போகப் போகச் சுருதி ஏறும். ஒரு கட்டத்தை அழுத்தினால் அதில் நிறம் ஏறும், அங்கே ஒரு ஸ்வரம் ஒலிக்கும். அழுத்தாத கட்டம் மௌனம். அவ்வளவுதான். பாடத் தெரிய வேண்டாம், வாத்தியம் வேண்டாம், எழுதப் படிக்கக்கூட வேண்டாம். “இசை தெரியாதவர்களுக்கு இசை” என்று குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். அங்கிருந்து தமிழ்க் குழுக்களுக்கும் போனது.

முதலில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் மராட்டிக்காரர்கள். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கும் இசைப் பழக்கம் கிடையாது. வகுப்பு இந்தியில் நடக்கும். முதல் நாள் நான் ஸ்வரம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. “காலையில் கேட்ட ஒரு சத்தத்தைக் கட்டத்தில் போடுங்கள்” என்றேன். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பல் மருத்துவர், நாற்பது வயதுப் பெண், பழைய சாமான் எடுக்க வருபவர் தெருவில் நீட்டிக் கூவுகிற “பங்கா…ர்” என்ற கூவலை மூன்றே கட்டத்தில் போட்டுவிட்டார். திரையில் ஒலித்ததும் அறையே சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னேன்: “இங்கே தப்பு என்று ஒன்று கிடையாது. நீங்கள் வைத்ததுதான் சரி.” அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு பிரியம் வரும்.

மூன்றாவது வாரம் அந்த அக்கா வந்தார். கையில் ஹெல்மெட், தோளில் துணிப்பை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். கணவர் ராணுவத்தில் இருந்ததால் இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடம். கோந்த்வாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தார். பேச்சில் இந்தி கலந்திருந்தது.

“சார், நீங்க தமிழாமே. எனக்குப் பாட்டெல்லாம் வராது. மத்லப், சும்மா கட்டம் அழுத்தினா போதும்னு போட்டிருந்துச்சு. ஏக்தம் ஜீரோவா இருந்தாலும் சொல்லித் தருவீங்களா?”

“ஜீரோவுக்குத்தாங்க்கா இந்தக் கிளாஸே,” என்றேன்.

பின் வரிசையில் உட்கார்ந்தார். மடிக்கணினி இல்லை. போனிலேயே, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு விரலால் அழுத்துவார். கேள்விகள் குறைவு. எப்படிச் சேமிப்பது, இன்னொரு போனில் எப்படித் திறப்பது, சத்தத்தை எப்படிக் கூட்டுவது. இசை பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து ஆளுக்கொரு சிறு மெட்டு செய்துவரச் சொன்னேன். மற்றவர்கள் கிடைத்த இடத்திலெல்லாம் நிறம் அடித்திருந்தார்கள். அக்காவுடையதைத் திரையில் திறந்தபோது, திரை கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. ஐந்து கட்டங்கள் படி இறங்குவதுபோல் இறங்கின. பிறகு ஆறு கட்டம் காலி. நாலு கட்டம் நிறம், மறுபடி ஐந்து காலி. கடைசியாக மூன்று கட்டம் மேலேறி, அதற்குப் பிறகு பதினோரு கட்டம் காலி. கோடியில் தனியாக ஒரே ஒரு கட்டம்.

ஓடவிட்டேன். அந்தப் பதினோரு கட்டம் நகர்கிற நேரத்தில் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

“என்னக்கா, நடுவுல நெட் போயிடுச்சா?” என்றேன். மற்றவர்களுக்காக அதையே இந்தியிலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“இல்ல சார். அங்க காலிதான்.”

“பதினோரு கட்டம் கணக்குல நிக்காதுங்க்கா. எட்டு, இல்ல பதினாறுன்னு வந்தாத்தான் காதுக்குப் பொருந்தும். கொஞ்சம் நிரப்பிப் பாருங்க.”

“சரி சார்.”

அடுத்த வாரமும் அப்படியே கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரமும். கட்டங்களை எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட நகரவில்லை. “இது இப்படியே இருக்கட்டும் சார்” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பிடிபடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர், கேட்க எவ்வளவோ நேரமும் இருந்தது. கேட்கவில்லை.

மூன்று மாத முடிவில் ஒரு சிறு நிகழ்ச்சி வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு மெட்டு, குடியிருப்பார் முன்னால், பெரிய ஒலிபெருக்கியில். அந்த வாரம் என் பழைய நண்பன் ஒருவன் கச்சேரிக்காகச் சென்னையிலிருந்து புனே வரவிருந்தான். அந்த ஒன்பது வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். நான் இறங்கிய மேடையில் எனக்குப் பிறகு ஏறிப் பாடியவன். இப்போது அதுவே அவன் தொழில். நிகழ்ச்சிக்கு வருகிறாயா என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டான்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் கவலை தொற்றியது. மற்ற ஒன்பது மெட்டும் எப்படியோ ஒப்பேறிவிடும். அந்தப் பதினோரு கட்ட மௌனத்தில் அவன் என் பக்கம் திரும்பி என்ன நினைப்பான்? தாளம் தெரியாதவன் தாளம் சொல்லித் தருகிறான் என்று நினைக்க மாட்டானா?

வகுப்புக்காரர்களின் கோப்புகள் எல்லாவற்றையும் திறக்கவும் மாற்றவும் எனக்கு அனுமதி இருந்தது. வீட்டுப்பாடம் பார்ப்பதற்காக நானே கேட்டு வாங்கியது. அந்தச் சனிக்கிழமை மதியம் அக்காவின் கோப்பைத் திறந்தேன். ஆறு கட்டக் காலியில் முன்னால் வந்த ஐந்து ஸ்வரங்களையே திருப்பிப்போட்டு நிரப்பினேன். அடுத்த காலியில் அதற்குப் பதில் சொல்வதுபோல் ஒரு துணுக்கு. பதினோரு கட்டத்தைப் பதினாறாக நீட்டி, மெதுவாக ஏறி இறங்கும் ஒரு வரி எழுதினேன். அடியில் கனமாக ஒரு துணை ஒலி வைத்தேன். ஓடவிட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. நானே மெட்டமைத்துப் பல வருடமாகியிருந்தது, அந்தச் சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. அவருக்கு நல்லது செய்கிறோம், நாளைக்கு எல்லாரும் கைதட்டும்போது மகிழ்ந்துபோவார் என்று நம்பினேன். அப்படி நம்பியவன் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். போன் மேசையிலேயே இருந்தது.

ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் ஐம்பது பேர் இருப்பார்கள். நண்பனை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தேன். அக்கா சற்றுத் தாமதமாக வந்தார். பட்டுப் புடவை. கூடவே ஒரு பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. புதுச் சுடிதார், இறுக்கிப் பின்னிய சடை. அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

“என் பொண்ணு சார். இவ பேச மாட்டா. கூட்டம்னா கொஞ்சம் கஷ்டம். ஆனா இன்னிக்குக் கூட்டிட்டு வரணும்னு தோணிச்சு,” என்றார். அவருக்கு ஒரு மகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆறாவதாக அக்காவின் மெட்டு. பெயர் சொல்லி அறிவித்தேன். மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்து ஸ்வரங்கள் படியிறங்கின. அந்தப் பெண் சட்டென்று மின்விசிறியை விட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சரியாக ஐந்தாவது ஸ்வரம் முடிந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு “ம்ம்” என்று முனகத் தொடங்கினாள்.

ஆனால் மெட்டு நிற்கவில்லை. நான் திருப்பிப்போட்ட ஸ்வரங்கள் அவள் குரல் மேல் வந்து விழுந்தன. அவள் நிறுத்தினாள். அடுத்த இடத்துக்குக் காத்திருந்து மறுபடி தொடங்கினாள். அங்கேயும் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். மூன்றாவது இடத்தில், நான் ஏறி இறங்கும் வரி எழுதிய இடத்தில், அந்தப் பெண் காதுகளைப் பொத்திக்கொண்டு கத்தினாள். வார்த்தை இல்லாத ஒரு நீண்ட கத்தல். எல்லாரும் திரும்பினார்கள். அக்கா அவளை அணைத்து எழுப்பி, “சாரி, சாரி” என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே வெளியே கூட்டிப்போனார். மெட்டு முடிந்தது. வாசல் கதவு மூடியதும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கோப்பில் இருந்தது பாதிப் பேச்சு. மீதிப் பாதி அந்தப் பெண்ணுடையது. ஆறு, ஐந்து, பதினொன்று என்று அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தை அம்மா எண்ணி எண்ணிக் காலியாக விட்டிருக்கிறார். நான் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

புரிந்த பிறகும் மீதி நாலு மெட்டை அறிவித்தேன். முடிந்ததும் நண்பன் தோளைத் தட்டினான். “எல்லாமே நல்லா இருந்துச்சுடா. அந்தப் பட்டுப் புடவை அம்மாவோடதுதான் கச்சிதம். கொஞ்சம் அதிகக் கச்சிதம்,” என்றான். என் முகத்தை ஒரு நொடி பார்த்தான். தேநீர் மேசைக்குப் போனான்.

அக்கா வெளியே தோட்டப் பக்கம் நின்றிருந்தார். மகள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சார், மன்னிச்சுக்குங்க. உங்க புரோகிராமைக் கெடுத்துட்டோம்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க்கா.”

“என் பாட்டு மாறிப்போச்சு சார். நடுவுல காலி எடமே வரல. நேத்து நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா?”

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் விரலைச் சந்தேகப்பட்டார். ஒரு வாக்கியம் போதும்: நான்தான் மாற்றினேன். அது தொண்டை வரை வந்தது. முதல் வரிசையில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“சில சமயம் சாஃப்ட்வேரே அப்படி அட்ஜஸ்ட் பண்ணிக்கும்ங்க்கா. காலியா இருந்தா அதுவா நிரப்பிடும்,” என்றேன்.

“ஓ, அப்படியா. எனக்குத் தெரியல சார்,” என்றார். மகளை எழுப்பி, ஸ்கூட்டியில் முன்னால் தான் உட்கார்ந்து, மகளின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கவைத்து, மெதுவாக வண்டியை எடுத்தார்.

பிழை கண்டுபிடிப்பவன் நான். மென்பொருள் செய்யாத தப்பை அதன் மேல் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் வகுப்பின் வாட்ஸப் குழுவில் அக்காவின் செய்தி வந்தது. அரைகுறை ஆங்கில எழுத்தில் இந்தி. “சாஃப்ட்வேர் தானாக மாற்றாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், யாருக்காவது தெரியுமா? மெட்டை மறுபடி போட்டுவிட்டேன், பயமாக இருக்கிறது, தினமும் திறந்து பார்க்கிறேன்.” நான் படித்தேன். படித்ததற்கான நீல அடையாளம் அவருக்குத் தெரியுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது. பதில் போடவில்லை. பல் மருத்துவர் போட்டார்: “ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பார்த்துவிடலாம்.”

ஞாயிறு, நான் திரையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் தன் மடிக்கணினியைத் திரையோடு இணைத்துவிட்டார். அக்காவிடம் கோப்பைத் திறக்கச் சொல்லி, ஓரத்தில் ஒரு சிறிய கடிகாரக் குறியை அழுத்தினார். கோப்பில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற பட்டியல் திரை உயரத்துக்கு விரிந்தது. அவருக்கு உதவி செய்கிற உற்சாகம். “பாருங்கள், தானாக மாறினால் இங்கே…” என்று தொடங்கியவர் பாதியில் நின்றார்.

சனிக்கிழமை மதியம். பக்கத்தில் என் பெயர். ஒரு தடவை இல்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக, அந்த இருபது நிமிடம் முழுக்க என் பெயர்.

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையைப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். படித்து முடித்து என்னைப் பார்க்காமல், “சரி டாக்டர், கண்டுபிடிச்சாச்சு” என்று இந்தியில் சொன்னார். பிறகு தமிழில், “கிளாஸ ஆரம்பிங்க சார்.”

நான் ஆரம்பித்தேன். எழுதவே கை கூசுகிறது. ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். வேகத்தைக் கூட்டுவது எப்படி, குறைப்பது எப்படி என்று அன்றைய பாடம். “தப்பு என்று ஒன்று கிடையாது” என்ற வரி வர வேண்டிய இடம் வந்தபோது தண்ணீர் குடித்தேன். முடிந்ததும் அக்கா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டில் மனைவி, “உங்க தமிழ் அக்கா வர்றதில்லையா இப்ப?” என்று கேட்டாள். “அவங்களுக்கு என்னமோ வேலை” என்றேன். அது மூன்றாவது பொய்யோ நாலாவதோ, எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அன்று மாலை போன் செய்தேன். “வீட்டுக்கு வரலாமாங்க்கா?” என்றேன். “வாங்க தம்பி” என்றார். அதுவரை நான் சார்.

கோந்த்வாவில் நெருக்கமான தெரு, நாலாவது மாடி, சின்ன ஹால். கணவர் பணிக்குப் போயிருந்தார், ஓய்வுக்குப் பிறகு எங்கோ காவல் மேற்பார்வை. மகள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பட்டாணியைத் தட்டில் ஒரே வரிசையாக அடுக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்கா காபி கொண்டுவந்து வைத்தார்.

நான் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “நான்தான் மாத்துனேன். அப்புறம் பொய் சொன்னேன்,” என்றேன். “என் ஃபிரண்டு முன்னாடி எனக்கு அசிங்கமாயிடும்னு நெனச்சேன்.”

அக்கா புடவைத் தலைப்பால் டம்ளரின் அடியைத் துடைத்தார்.

“மாத்தினதுகூட பரவால்ல தம்பி. உங்களுக்கு அது பாட்டாத் தெரியல, சரி பண்ணீங்க. சாஃப்ட்வேர்னு சொன்னீங்க பாருங்க.” டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “அந்த ஒரு வாரம் நான் அந்த மிஷினுக்குப் பயந்துக்கிட்டே இருந்தேன். காலைல எந்திரிச்சதும் திறந்து பாப்பேன், இருக்குதான்னு. இவகிட்ட போடறதுக்கு முன்னாடி நான் தனியா பால்கனில போய் ஒரு தடவை கேட்டுட்டு வருவேன். அன்னிக்குக் கத்தினா இல்ல? அப்படி மறுபடி ஆயிடக் கூடாதுன்னு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இவளுக்குச் சின்னதுலேர்ந்து எத்தனையோ பேர்கிட்ட காட்டியாச்சு. எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க, நீ என்ன பண்ணே, என்ன சாப்பிட்டே, எப்படி வளத்தேன்னு. எதுவானாலும் என் தப்பாத்தான் இருக்கும்னு எனக்குப் பழகிப்போச்சு. அதான் உங்ககிட்டயும் உடனே, நான் தப்பா அழுத்திட்டேனான்னு கேட்டேன். ஆமான்னு சொல்லாம விட்டீங்களே, அது வரைக்கும் சரி.” சிரிக்க முயன்றார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மகள் சமையலறையில் தனக்குத் தானே முனகும் ஒரு ஒலியிலிருந்துதான் இதெல்லாம் தொடங்கியது என்றார். அந்த முனகலைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். தன் குரல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருவதால் மகள் கவனிக்க மாட்டாளாம். கட்டத்தில் போட்ட ஸ்வரம் எப்போதும் ஒரே மாதிரி வந்தது. இரண்டாம் நாளே அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலி இடத்தில் பதில் சொன்னாள்.

“வகுப்புல ஏங்க்கா இதச் சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கலையே தம்பி.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

பிறகு, “ஒரு நிமிஷம்” என்று போனை எடுத்து, மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெட்டை ஓடவிட்டார். ஐந்து ஸ்வரங்கள் இறங்கின. பட்டாணி உரித்த கை நின்றது. அந்தப் பெண் முனகினாள். அது போனின் சுருதியோடு சேரவில்லை, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் எங்கேயோ நின்றது. நாலு ஸ்வரம், மறுபடி அவள். மூன்று ஸ்வரம் மேலேறியதும் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக, தளர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து முனகினாள். என்னையும் அறியாமல் மடியில் என் விரல் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தது. அவள் முடித்த இடத்தில் கடைசி ஸ்வரம் வந்து விழுந்தது. பதினொன்று. விரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். அந்த வீட்டிலும் நான் சரிபார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் அக்கா. “சாயங்காலத்துல இவளுக்குக் களைப்பா இருக்கு. இவ்ளோ வேகத்துக்கு வர முடியல. அன்னிக்குக் கிளாஸ்ல வேகம் குறைக்கிறது சொன்னீங்க, எனக்கு அன்னிக்கு மனசு நிக்கல.”

“குடுங்க, நான்…” என்று கையை நீட்டிவிட்டேன். பழக்கம்.

அக்கா போனைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. “நீங்க சொல்லுங்க தம்பி. நான் அழுத்தறேன்.”

கையை எடுத்துக்கொண்டேன். மேலே வலது ஓரம், அதற்குள் ஒரு எண், அதைத் தொட்டு இடது பக்கம் நகர்த்துங்கள் என்று நாற்காலியிலிருந்தே சொன்னேன். இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தினார். மூன்றாவது தடவை வந்தது. கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்து, “காபி ஆறிப்போச்சு, நீங்க குடிக்கவே இல்ல” என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். இந்தியில் சொல்வது சற்று எளிதாக இருந்தது, வேறொருவனைப் பற்றிச் சொல்வதுபோல. அது தெரிந்ததும் நிறுத்தி, மறுபடி மெதுவாகச் சொன்னேன். நான் திருத்தினேன், அவர் கேட்டபோது மென்பொருள் மேல் போட்டேன், உங்கள் முன்னால் பட்டியல் விரிந்த பிறகும் வாய் திறக்காமல் பாடம் எடுத்தேன். பின் வரிசையில் ஒருவர் “விடுங்கள் சார், சின்ன விஷயம்” என்றார். பல் மருத்துவர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“சின்ன விஷயம் இல்லை,” என்றார். “நாங்கள் மூன்று வாரமாக நீங்கள் சொல்வதற்காகத்தான் வந்துகொண்டிருந்தோம்.”

பிறகு மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். வகுப்புக் கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். வகுப்பில் மீதியிருந்த ஒன்பது பேரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய பூட்டு. நான் கேட்கலாம், மாற்ற முடியாது. எப்போது செய்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரமும் நான் அந்தப் பட்டியலைத் திறக்கவே இல்லை. அக்காவின் பெயரைப் பார்க்கப் பயந்து.

அக்கா வகுப்புக்குத் திரும்ப வரவில்லை. எப்போதாவது குரல் செய்தி அனுப்புவார், ஒரு சந்தேகம், ஒரு கேள்வி. நான் பேசிப் பதில் அனுப்புவேன். போன மாதம் அனுப்பியது: இரண்டாவது மெட்டு போட ஆரம்பித்திருக்கிறாராம், இதில் காலியைக் கூட்டியிருக்கிறாராம், போனில் கட்டம் போதவில்லை, இன்னும் நீட்ட முடியுமா? முடியும் என்று சொன்னேன். எப்படி என்பதைச் சொன்னேன். மெட்டை அனுப்புங்கள், கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவரும் அனுப்பவில்லை.